சிவப்புக் கொடியும் டின் டிக்கட்டும்

பிரித்தானியர் காலத்து இலங்கைக் கொடி எது என்று கேட்டால் பலரும் ஒரே படத்தைத்தான் காட்டுவார்கள். நீலத் துணி, இடப்பக்க மேல் மூலையில் யூனியன் ஜேக், வலப்பக்கம் ஒரு வட்டம், அந்த வட்டத்துக்குள் தாதுகோபத்துக்கு முன்னால் நிற்கிற யானை. பாடசாலைக் கண்காட்சிகளில் இதைத்தான் "பழைய தேசியக் கொடி" என்று எழுதி ஒட்டுகிறார்கள். உண்மையில் அது ஒரு கப்பல் கொடி. அதுவும் எல்லாக் கப்பலுக்கும் உரியதல்ல, குடியேற்ற அரசாங்கத்துக்குச் சொந்தமான கப்பல்களுக்கு மாத்திரம் உரியது. கரையில், அரசாங்கக் கட்டடங்களின் மேல் பறந்தது வெறும் யூனியன் ஜேக்தான்.

இதை இவ்வளவு நுணுக்கிப் பார்க்க வேண்டுமா என்று வாசகர்கள் கேட்கலாம். பார்க்கத்தான் வேண்டும். எந்தக் கப்பல் யாருக்குச் சொந்தம், அது எந்த நாட்டுக் கப்பல், எந்தக் கொடியை எப்போது ஏற்ற வேண்டும், ஏற்றாவிட்டால் எவ்வளவு குற்றப்பணம் என்பதையெல்லாம் பிரித்தானியர் ஓட்டை இல்லாமல் எழுதி வைத்தார்கள். அந்தக் கப்பல்களின் மேல்தட்டில் குந்தியிருந்து ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் வந்த சனங்கள் எந்த நாட்டவர் என்பதை மட்டும் ஒருவரும் எழுதி வைக்கவில்லை. அதன் விளைவை மலையகம் 1948க்குப் பிறகு அனுபவித்தது.

முதலில் கொடிகளின் கதையைச் சுருக்கமாகப் பார்ப்போம். யூனியன் கொடி பிறந்ததே கடலுக்காகத்தான். இங்கிலாந்துக்கும் ஸ்கொட்லாந்துக்கும் ஒரே மன்னனாக வந்த முதலாம் ஜேம்ஸ், இரண்டு நாட்டு மாலுமிகளும் கொடிக்காகச் சண்டை பிடிப்பதைப் பார்த்து, இரண்டு சிலுவைகளையும் ஒன்றாக்கிக் கப்பல்கள் ஏற்ற வேண்டும் என்று 1606இல் பிரகடனம் செய்தான். 1801இல் அயர்லாந்து இணைக்கப்பட்டதும் மூன்றாவது சிலுவையும் சேர்ந்தது. இது பாய்மரத்தின் உச்சியிலும் கப்பலின் முன்பக்கத்திலும் பறக்கும் கொடி. பின்பக்கத்தில் பறப்பது வேறு. அதற்கு என்சைன் என்று பெயர். என்சைன் மூன்று நிறத்தில் இருந்தது: சிவப்பு, வெள்ளை, நீலம். ஆரம்பத்தில் இந்த மூன்று நிறங்களும் கடற்படையின் மூன்று அணிகளைக் குறித்தன. அதனால் ஒவ்வொரு போர்க்கப்பலும் மூன்று தொகுதிக் கொடிகளைச் சுமந்து திரிய வேண்டியிருந்தது. வணிகக் கப்பல்களும் சிவப்பையே ஏற்றியதால் தூரத்தில் வருவது பீரங்கிக் கப்பலா, சாமான் கப்பலா என்ற குழப்பம் வேறு.

1864 ஜூலை 9இல் வந்த அரச கட்டளை இதைத் தீர்த்தது. வெள்ளை கடற்படைக்கு. நீலம் அரசாங்க சேவைக் கப்பல்களுக்கு. சிவப்பு வணிகக் கப்பல்களுக்கு. அடுத்த வருடமே குடியேற்ற நாடுகளின் கடற் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதன் தொடர்ச்சியாக ஒவ்வொரு குடியேற்ற அரசும் தன் கப்பல்களின் நீலக் கொடியில் தனக்கென ஒரு சின்னத்தைப் பொறித்துக்கொள்ள வழி பிறந்தது. 1869இல் ஆளுநர்மாருக்கும் ஒரு கொடி கிடைத்தது: யூனியன் ஜேக்கின் நடுவில் அந்தந்த நாட்டின் சின்னம், அதைச் சுற்றி ஒரு பச்சை மாலை. ஆளுநர் படகிலோ கப்பலிலோ போகும்போது ஏற்ற வேண்டிய கொடி அது. நம்மட யானையும் தாதுகோபமும் இந்த ஏற்பாட்டின் வழியாக வந்தவைதான்.

1869 என்றதும் மலைநாட்டு வரலாறு படித்தவர்களுக்கு வேறொன்று ஞாபகம் வரும். கோப்பி இலையில் துருநோய் கண்டுபிடிக்கப்பட்ட வருடம் அது. அதற்கு இரண்டு வருடம் முன்னர்தான் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். அதன் பிறகு எண்பது வருடம் இந்த நாட்டின் கஜானாவை நிரப்பியது தேயிலை. கொடியிலோ கடைசிவரை யானைதான் நின்றது.

கடலே இல்லாத மலைக்குக் கடற்கொடி எப்படி ஏறியது? 1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி மகுல் மடுவையில் ஒப்பந்தம் வாசிக்கப்பட்டது; கண்டி இராச்சியம் பிரித்தானிய முடியின் கீழ் வந்தது. ஒப்பந்தம் முடியுமுன் ஏற்றப்பட்ட பிரித்தானியக் கொடியை வாரியபொல சுமங்கல தேரர் இறக்கிப் போட்டார் என்ற கதை சிங்கள மக்களிடையே இன்றும் உயிரோடு இருக்கிறது. ஸ்ரீ விக்கிரமராஜசிங்க மன்னனின் சிங்கக் கொடி இங்கிலாந்துக்குப் போனது. மன்னனும் போக வேண்டியதாயிற்று. 1816 ஜனவரியில் கோர்ன்வாலிஸ் என்ற கடற்படைக் கப்பலில் கொழும்பிலிருந்து சென்னைக்கும் அங்கிருந்து வேலூர்க் கோட்டைக்கும் கொண்டு செல்லப்பட்டு, 1832இல் அங்கேயே இறந்தான். நாயக்கர் வம்சத்து மன்னனை ஒரு பிரித்தானியக் கப்பல் அக்கரைக்குக் கொண்டுபோய்ப் பத்து வருடம் ஆவதற்குள், கம்பளைப் பக்கத்தில் கோப்பித் தோட்டம் தொடங்கி, அதே அக்கரையிலிருந்து கூலிக்கு ஆள் வர ஆரம்பித்துவிட்டது.

முஸ்லிம்களுக்குக் கடற்கொடியின் அதிகாரம் புதிதல்ல. சிங்கள மக்கள் நம்மை "மரக்கல மினிஸ்ஸு" என்றுதான் அழைத்தார்கள், மரக்கலத்தில் வந்தவர்கள். கடலைக் கண்ணால் கண்டிராத கண்டிக் கிராமத்து முஸ்லிமுக்கும் அதே பெயர்தான். பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் "கார்த்தாஸ்" என்ற அனுமதிச் சீட்டு இல்லாத கப்பல்களைப் பிடித்தபோது நமது வணிகம் முறிந்தது. 1626இல் அவர்கள் தங்கள் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது கண்டி மன்னன் செனரத் அடைக்கலம் கொடுத்தான்; பெருந்தொகையானோரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான். இந்த மட்டக்களப்பை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அது கொடிக் கதைக்குள் திரும்பி வரும்.

மரைக்காயர்களின் தோணிகள் பிரித்தானியர் காலத்திலும் ஓடின. காயல்பட்டினம், கீழக்கரை, தொண்டி, அதிராம்பட்டினம், நாகப்பட்டினம் ஆகிய துறைகளிலிருந்து அரிசியும் புடவையும் கருவாடும் வந்தன. பாக்கும் தேங்காயும் போயின. கடலோடிகள் நாகூர் ஷாகுல் ஹமீது பாதுஷா நாயகத்தின் பெயரில் நேர்ச்சை வைத்துப் புறப்படுவது வழக்கம். கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளியில் வருடாவருடம் நடக்கும் கொடியேற்றம் அந்தக் கடல் வாழ்வின் மிச்சம்தான். மார்க்க அறிஞர்களுக்குள் இதுபற்றிக் கருத்து வேற்றுமை உண்டு. அது வேறு விடயம். நேர்ச்சைக் கொடி நம்பிக்கைக்கு உரியது. சட்டம் கேட்டது வேறு கொடி.

1894ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டத்தின் 73ஆம் பிரிவு, பிரித்தானியப் பிரஜை ஒருவருக்குச் சொந்தமான எந்தக் கப்பலுக்கும் படகுக்கும் உரிய தேசிய நிறம் சிவப்பு என்சைன் என்று சொன்னது. வேறு தேசிய நிறத்தை ஏற்றினால் 500 பவுண் வரை குற்றப்பணம். 50 தொன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பல் எந்தப் பிரித்தானியத் துறைக்குள் நுழைந்தாலும், அங்கிருந்து வெளியேறினாலும் அந்தக் கொடியை ஏற்றிக் காட்ட வேண்டும் என்றது அடுத்த பிரிவு. தவறினால் 100 பவுண் வரை குற்றப்பணம். மாலுமிகள் இதற்கு வைத்த பட்டப்பெயர் "ரெட் டஸ்டர்". தூசி தட்டும் சிவப்புத் துணி. (மலையகத்தில் செங்கொடி என்றால் தொழிற்சங்கம்தான் ஞாபகம் வரும். ஆகவே நான் சிவப்புக் கொடி என்றே எழுதுகிறேன்.) இந்தக் கொடியை ஏற்றி இறக்கிய லஸ்கர்மாரில் பெருந்தொகையானோர் முஸ்லிம்கள். சில்ஹெட், நோவாகாளி, குஜராத் கரைப் பிள்ளைகள்.

தூத்துக்குடி–கொழும்பு கடல் வழியில் இந்தச் சட்டத்தின் அழுத்தம் எப்படி இருந்தது என்பதற்கு வ.உ.சிதம்பரம்பிள்ளையின் சுதேசிக் கப்பல் கம்பனியைவிட நல்ல உதாரணம் இல்லை. அந்த வழியில் பிரிட்டிஷ் இந்தியா கம்பனியின் ஏகபோகத்தை உடைக்க 1906 ஒக்டோபர் 16இல் அது பதிவானது. மூலதனம் பத்து இலட்சம் ரூபாய், பங்கொன்று 25 ரூபாய். அதில் 8,000 பங்குகளை, அதாவது இரண்டு இலட்சம் ரூபாயை, ஒரே ஆளாகப் போட்டவர் ஹாஜி முகமது பக்கீர் சேட். வ.உ.சி.யைப் பற்றிப் பேசும் மேடைகளில் இவர் பெயர் அடிக்குறிப்பாகவே வந்து போகிறது. அந்தப் பணம் இல்லாவிட்டால் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களும் தூத்துக்குடிக்கு வந்திருக்குமா என்பது சந்தேகம். கப்பல் வந்தது. ஆனால் பங்காளிகள் அனைவரும் பிரித்தானியப் பிரஜைகள். ஆகவே சுதேசிக் கப்பலுக்கும் சட்டப்படி உரிய தேசிய நிறம் அந்தச் சிவப்புத் துணி ஒன்றுதான். கட்டணப் போட்டியில் வெள்ளைக்காரக் கம்பனி டிக்கட்டை ஒரு ரூபாய்க்கும் கீழே இறக்கியது, கடைசியில் சும்மாவே ஏற்றியது என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார். கம்பனி நொறுங்கியது.

இனி மேல்தட்டில் இருந்தவர்களிடம் வருவோம். தொடக்கத்தில் தோட்டங்களுக்கு வந்தவர்கள் பாம்பன் பக்கத்திலிருந்து தோணியில் மன்னாருக்கு வந்து, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் வாந்திபேதியில் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அந்த வடக்கு வழி மூடப்பட்டு, தூத்துக்குடியிலிருந்து கப்பலில் கொழும்புக்கு வருவது பிரதான வழியாயிற்று. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியதும் மண்டபம் முகாம் வாசலாயிற்று. கோச்சி 1884இலேயே ஹட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் வந்துவிட்டது.

இந்தப் பயணத்தில் இன்னொரு கொடியும் இருந்தது. மஞ்சள் கொடி. தொற்றுநோய்த் தடுப்புக்கான அடையாளம். கப்பலில் வாந்திபேதியோ அம்மையோ இருந்தால், அல்லது இருக்கலாம் என்ற ஐயம் தீரும்வரை, மஞ்சள் பறக்கும். யாரும் இறங்க முடியாது. இன்றைய சர்வதேசச் சைகை முறையில் அதே தனி மஞ்சள் கொடிக்குப் பொருள் தலைகீழ்: என் கப்பல் சுகமாக இருக்கிறது, உள்ளே விடுங்கள். அன்று தட்டப்பாறையிலும் மண்டபத்திலும் துணி அவித்து, மருந்துத் தண்ணீரில் குளிப்பாட்டி, நாள் கணக்கில் வைத்திருந்துதான் ஆட்களை அனுப்பினார்கள். முதல் வகுப்புப் பயணிக்கு அந்த அவிப்பு இல்லை.

ஆளுக்கான அடையாளம்தான் டின் டிக்கட். 1901ஆம் ஆண்டளவில் இது வந்தது. ஒரு சிறு தகரவில்லை. அதில் மாவட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் தோட்டத்தின் இலக்கமும் அடித்திருக்கும். கங்காணி இதைக் கட்டாகக் கொண்டுபோய்த் திருச்சி, சேலம், தஞ்சாவூர், இராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களில் சேர்த்த ஆட்களுக்குக் கொடுப்பான். முகாமில் காட்டினால் கப்பல், கோச்சி எல்லாம் செல்லும். செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும், அங்கிருந்து எப்படியோ கங்காணியின் கணக்குப் புத்தகம் வழியாகத் தொழிலாளியின் தலையிலும் ஏறும். துரைமாருக்கு இது மிகவும் பிடித்த ஏற்பாடு. வழியில் ஆள் களவு போகாது அல்லவா?

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கப்பலின் பின்பக்கத்தில் ஒரு துணி. அது கப்பலின் நாட்டைச் சொல்கிறது. தட்டில் இருக்கும் மனிதனிடம் ஒரு தகரம். அது அவன் எந்தத் தோட்டத்துச் சாமான் என்று சொல்கிறது. அந்த மனிதனுக்கும் நாடு இருந்தது. சென்னை மாகாணத்தில் பிறந்தவன் பிரித்தானியப் பிரஜை. இலங்கையில் இறங்கினாலும் அதே மன்னனின் பிரஜை. புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக்காரன் மட்டும் சட்டத்தின் கண்ணில் "பாதுகாப்புப் பெற்றவன்" என்ற தனி வகை. இரண்டு கரையிலும் ஒரே கொடி பறந்ததால் கடவுச்சீட்டும் வேண்டியிருக்கவில்லை, வந்த திகதியை எழுதிய பத்திரமும் வேண்டியிருக்கவில்லை. ஹட்டன், நுவரெலியா பசார்களில் கடை போட்ட இந்தியச் சோனகர்களின் நிலையும் இதுதான். "அக்கரைக்குப் போய் வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள், வந்தார்கள். அந்த வசதி பிறகு கழுத்துக்குக் கயிறானது.

வெள்ளைக் கொடியும் மலைநாட்டைப் பார்த்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது தியத்தலாவையில் இருந்த கடற்படை முகாமின் பெயர் எச்.எம்.எஸ். ஊவா. பிரித்தானியக் கடற்படை வழக்கப்படி கரையில் இருக்கும் தளமும் ஒரு "கப்பல்". அதற்கும் வெள்ளை என்சைன் உண்டு. நாலாயிரம் அடி உயரத்தில் ஒரு கப்பல் என்று சிரிக்கலாம். நாடில்லாத மனிதர்களை அந்த மலைகளிலேயே உருவாக்கியதைவிட அது பெரிய வேடிக்கை அல்ல.

இனி 1948. சிங்கக் கொடி மறுபடி வெளிச்சத்துக்கு வந்ததே ஒரு தனிக் கதை. ஈ.டபிள்யூ.பெரேரா அதை லண்டன் செல்சி அரச மருத்துவமனையில் கண்டுபிடித்தார்; கண்டி வீழ்ந்த நூற்றாண்டான 1915 மார்ச் 2இல் தினமின சிறப்பிதழில் அதன் படம் வெளியாயிற்று. அதே வருடம் மே மாதக் கடைசியில் கண்டியில் தொடங்கிய கலவரத்தில் நம்மவர்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் நொறுக்கப்பட்டன. இந்த இரண்டும் ஒரே வருடத்தில் நடந்ததை மறந்துவிட்டுக் கொடியின் கதையைச் சொல்ல முடியாது.

ஆனாலும், 1948 ஜனவரி 16ஆம் திகதி, கண்டி மன்னனின் அந்தச் சிங்கக் கொடியே சுதந்திர இலங்கையின் கொடியாக வேண்டும் என்று பிரதிநிதிகள் சபையில் பிரேரணை கொண்டுவந்தவர் ஒரு முஸ்லிம்: மட்டக்களப்பு உறுப்பினர் முதலியார் ஏ.சின்னலெப்பை. செனரத் மன்னன் நம்மவர்களைக் குடியேற்றிய அதே மட்டக்களப்பு. தமிழர் தரப்பில் எதிர்ப்பு எழுந்தது. இது அவசரப்பட்ட விசுவாசமா, முந்நூறு வருட நன்றிக்கடனா என்று நமக்குள்ளேயே இரண்டு அபிப்பிராயம் உண்டு. இரண்டும் கலந்திருந்தது என்றுதான் எனக்குப் படுகிறது. மார்ச் மாதம் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க தலைமையில் ஒரு குழு அமைந்தது. டீ.பி.ஜாயா, ஜீ.ஜீ.பொன்னம்பலம், செனட்டர் நடேசன் ஆகியோரும் அதில் இருந்தார்கள். முஸ்லிம்களுக்குப் பச்சை, தமிழர்களுக்குச் செம்மஞ்சள் என்று இரண்டு கோடுகள் சேர்ந்தன. நடேசன் மட்டும் உடன்படவில்லை. 1951 மார்ச் 2இல் கொடி நிறைவேறியது.

அந்தக் குழுவில் மலையகத்திலிருந்து ஒருவரும் இல்லை. நுவரெலியாவுக்கு எஸ்.தொண்டமானும் தலவாக்கலைக்கு சி.வி.வேலுப்பிள்ளையும் அப்போது பாராளுமன்றத்தில் இருந்தார்கள். குழு கோடுகளின் நிறத்தைப் பேசிக்கொண்டிருந்த அதே காலத்தில் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, தகப்பன் இலங்கையில் பிறந்ததற்குப் பத்திரம் கேட்டது. 1946 குடிசன மதிப்பீட்டின்படி இந்தியத் தமிழர் ஏறத்தாழ 7 இலட்சத்து 80 ஆயிரம் பேர். பிரித்தானியக் கொடி இறங்கியதோடு அவர்களில் மிகப் பெரும்பாலோரின் நாடும் இறங்கிப்போயிற்று. 1949இல் வந்த 3ஆம் இலக்கச் சட்டத்தின் பெயரே "இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர்" சட்டம். ஆகவே அது லயத்துக்கு மட்டுமல்ல, பசார்க் கடைக்கும் வந்தது. கலியாணம் முடித்தவர் ஏழு வருடம், முடிக்காதவர் பத்து வருடம் தொடர்ச்சியாக இங்கே இருந்ததைக் காட்ட வேண்டும்; பன்னிரண்டு மாதத்துக்கு மேல் அக்கரையில் நின்றிருந்தால் தொடர்ச்சி அறுந்துவிடும். எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்ததில் பிரஜாவுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்குத்தான். தேசியக் கொடியின் செம்மஞ்சள் கோட்டில் இந்தச் சனங்களும் அடக்கமா என்று அன்று யாரும் கேட்டுப் பதில் வாங்கவில்லை.

மிச்சப் பேரைப் பங்குபோட 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்பது கணக்கு. ஹட்டன் ஸ்டேசனில் ஏறிய கோச்சியை சனங்கள் "ஒப்பாரிக் கோச்சி" என்றார்கள். தலைமன்னாரில் இராமானுஜம் கப்பல் காத்து நின்றது. இந்திய வணிகக் கப்பல்களின் கொடி இன்றும் பழைய சிவப்பு என்சைன்தான், மூலையில் யூனியன் ஜேக் இருந்த இடத்தில் மூவர்ணம். இலங்கை வணிகக் கப்பலுக்கும் அதே சிவப்பு, மூலையில் சிங்கக் கொடி. தாத்தாவைக் கொண்டுவந்த சிவப்புத் துணியின் கீழேதான் பேரன் திரும்பிப் போனான். இந்த முறை அவனிடம் ஒரு கடவுச்சீட்டு இருந்தது. அதில் எழுதியிருந்த நாட்டை அவன் கண்டதில்லை.

1984இல் கப்பல் நின்றது. போகாமல் மிஞ்சியவர்களுக்காக 1988இல் ஒரு சட்டம் வந்தது. பிறகு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினரும் அவர்களின் சந்ததியினரும் இலங்கைப் பிரஜைகள் என்றது. தகப்பன் எங்கே பிறந்தான் என்ற கேள்வி அந்தச் சட்டத்தில் இல்லை.